*ஹொன்தி: விழைவைக் குறித்த ஒரு மூல ஸ்லாவியச் சொல்லின் பதிவு திருத்தப்பட்ட நிகழ்வு

பின்னணி

மூல ஸ்லாவிய மொழியில் எழுதப்பட்ட ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. ரஷ்யன், உக்ரேனியன், போலிஷ், செக், செர்பியன், பல்கேரியன் முதலிய மொழிகள் தனித்தனியே பிரிவதற்கு முன் வழங்கிய அந்த மொழியை, இன்று பேசப்படும் இந்த மொழிகளையும், 9ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைநூல்களை மொழிபெயர்ப்பதற்காக எழுத்து பெற்ற பழைய திருச்சபை ஸ்லாவியத்தையும் ஒப்பிட்டுத்தான் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி மீட்ட சொல்லுக்கு முன்னால் ஓர் உடுக்குறி (*) இடுவது துறை வழக்கம். ‘இது ஏட்டில் கண்டதன்று, கணித்தது’ என்பதே அதன் பொருள்.

இங்கே பதிவு செய்யப்படுவது, போலந்தின் ஒரு பல்கலைக்கழக நகரில் ஒரு குளிர்காலப் பருவம் முழுவதும் நடந்த ஒரு சிறு பணி. ஓர் ஒப்பியல் சொற்களஞ்சியத்துக்காக ‘விருப்பம்’ என்ற பொருட்புலத்தைச் சேர்ந்த மூல ஸ்லாவியச் சொற்களைத் தொகுக்கும் பொறுப்பு நால்வர் கொண்ட குழுவிடம் தரப்பட்டிருந்தது. மூத்த ஆய்வாளர் ஒருவர், முதுகலை மாணவர் இருவர், குறிப்பெடுப்பவனாக நான். எங்கள் மேசையில் எப்போதும் இருந்தவை இரண்டு நூல்கள். ஒன்று, 1950க்கும் 1958க்கும் இடையில் ஹைடல்பெர்க்கில் வெளியாகிப் பின்னர் துருபச்சோவ் ரஷ்யனில் மொழிபெயர்த்து விரிவுபடுத்திய ஃபாஸ்மரின் சொற்பிறப்பகராதி. மற்றொன்று, அதே துருபச்சோவின் தலைமையில் 1974 முதல் மாஸ்கோவில் வரத் தொடங்கிய ஸ்லாவிய மொழிகளின் சொற்பிறப்பகராதி. எங்களுக்கு வேண்டிய எழுத்து அதன் 8ஆம் தொகுதியில் இருக்கிறது.

சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் சில குறிப்புகள் தேவைப்படுகின்றன. ‘ஹ’ என்று எழுதுவது தொண்டையருகே உரசி வரும் ஒலி; ஆய்தத்தை நினைவூட்டக்கூடியது. உயிருக்குப் பின் வரும் ‘ன்’ தனி மெய்யன்று, அந்த உயிர் மூக்கொலியோடு ஒலிக்கிறது என்பதற்கான அடையாளம். சொல்லிறுதியில் வரும் இகரமும் உகரமும் மூல ஸ்லாவியத்தில் பெரும்பாலும் மிகக் குறுகியவை. நம் இலக்கணத்தின் குற்றியலிகரத்தையும் குற்றியலுகரத்தையும் எண்ணிக்கொண்டால் அவற்றின் இயல்பு எளிதில் பிடிபடும். பிற்கால மொழிகளில் இவை சொல்லிறுதியில் மறைந்துவிட்டன; இகரம் மட்டும் பல இடங்களில் முன்னிருந்த மெய்யின் மென்மையாக எஞ்சியது.

முதல் வரைவும் அதன் பிழைகளும்

பருவத்தின் தொடக்கத்தில் மாணவர்கள் தயாரித்த வரைவு, எல்லாவற்றையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் கொண்டுவந்திருந்தது. தலைச்சொல் *ஹுத்தி. பொருள் ‘காமம்’. அதற்கு ஆதாரமாகப் போலிஷ் மொழியின் ‘ஹுச்’ (காம இச்சை), செக், ஸ்லோவாக் மொழிகளின் ‘ஹுத்ய்’, ரஷ்யனின் ‘ஹொத்ய்’, உக்ரேனியனின் ‘ஹித்ய்’ (காமம், இச்சை) ஆகியவை நிரையாகக் காட்டப்பட்டிருந்தன. ரஷ்யனில் ‘பொஹொத்ய்’ என்றாலும் காமம் என்பதால் பொருளும் ஒத்துப்போகிறது என்பது அவர்கள் வாதம். வரைவு பார்வைக்கு நன்றாக இருந்தது. நானும் அதில் குறை எதையும் காணவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மூத்த ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, வரைவை ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் சான்றுகளை எழுதிவைத்த அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பச் சொன்னார். அவர் முதலில் கையில் எடுத்தது ரஷ்யனின் ‘ஹொத்ய்’ என்று தலைப்பிட்ட அட்டை. அதன் மேல்பாதியில் ஒரு மேற்கோள்: 1185இல் நடந்த ஒரு படையெடுப்பைப் பாடும் பழைய ரஷ்யப் படைப்பான இகோர் காதையில், போர்க்களத்தில் எல்லாவற்றையும் மறந்து நிற்கும் இளவரசன் தன் அருமை மனைவியையும் மறந்தான் என்று வரும் இடம். கீழ்ப்பாதியில் இன்றைய பேச்சு ரஷ்யனிலிருந்து, ‘குறைந்தது கொஞ்சமாவது’, ‘ஆனாலும்’ என்று பொருள் தரும் இடைச்சொல்லுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். எழுத்து ஒன்றே, ஒலியும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மேலே இருப்பது பெயர்ச்சொல், கீழே இருப்பது ‘விரும்பு’ என்ற வினையின் பழைய ஏவல் வடிவம் தேய்ந்து உண்டான இடைச்சொல். போலிஷ் மொழியின் ‘ஹொச்’ (ஆயினும்) என்பதும் அதே வினையின் வழியே வந்தது. ஒரே அட்டையில் இரண்டு சொற்கள் குடியேறியிருந்தன.

இரண்டாவது பிழை இதைவிட ஆழமானது. போலிஷ் மொழியில் ‘ஹுச்’ மட்டும் இல்லை. ‘ஹெஞ்ச்’ என்ற சொல்லும் இருக்கிறது. விருப்பம், மனமுவந்த இசைவு என்ற பொருளில் நாள்தோறும் வழங்குவது அதுதான். ஒருவர் தேநீர் வேண்டுமா என்று கேட்டால் ‘ஸ் ஹெஞ்சொன்’, அதாவது விருப்பத்தோடு, என்று மறுமொழி சொல்வார்கள். மாணவர்கள் அதற்கும் அட்டை எழுதியிருந்தார்கள். ஆனால் உயிரொலி வேறுபடுகிறது என்பதால் தொடர்பில்லாத சொல் என்று கருதித் தனியே எடுத்து வைத்திருந்தார்கள். ஒதுக்கப்பட்ட அந்த அட்டைதான் முழுப் பதிவையும் மாற்றியது.

உகரம் எங்கிருந்து வந்தது

செக் மொழியின் உகரத்துக்கு இரண்டு மூலங்கள் உண்டு. மூல ஸ்லாவியத்தில் உண்மையாகவே உகரமாக இருந்தது ஒன்று. மூக்கொலி ஒகரமாக இருந்து பின்னர் மூக்கொலியை இழந்து உகரமானது மற்றொன்று. செக் மொழியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. ரஷ்யனும் செர்பியனும் இதில் உதவமாட்டா. அவற்றிலும் இரண்டும் உகரமாகவே கலந்துவிட்டன. போலிஷ் மொழிதான் மூக்கொலியை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது.

‘காது’ என்பதற்குப் போலிஷ், செக், ரஷ்யன் மூன்றிலும் ‘உஹொ’ தான். எனவே அது பழைய உகரம். ‘பல்’ என்பதற்குச் செக்கிலும் ரஷ்யனிலும் ‘ஸுப்’, போலிஷில் ‘ஸொம்ப்’. எனவே அது மூக்கொலி ஒகரம்; போலிஷில் அது சில இடங்களில் மூக்கொலி எகரமாகவும் நிற்கும். இந்த அளவுகோலை நம் சொல்லின் மீது வைத்தால், செக் ‘ஹுத்ய்’ என்பதற்கு எதிரே போலிஷில் நிற்க வேண்டியது மூக்கொலியுள்ள ‘ஹெஞ்ச்’ தான், ‘ஹுச்’ அன்று. மீட்பு வடிவம் *ஹுத்தி ஆகாது, *ஹொன்தி ஆகிறது.

மாணவர்களில் ஒருவர் இதை ஏற்கத் தயங்கினார். அடுத்த வாரம் அவரே ஒரு தாளோடு வந்தார். செக் நாட்டு உணவகம் ஒன்றில் தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாள் அது. உணவு தொடங்கும்போது சொல்லும் வாழ்த்தான ‘தொப்ரௌ ஹுத்ய்’, நல்ல பசி வாய்க்கட்டும் என்ற பொருளில், அதில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அவர் கவனித்தது முன்னால் நிற்கும் பெயரடையை. ‘தொப்ரௌ’ என்பது பெண்பால் ஒருமை இரண்டாம் வேற்றுமை வடிவம். அதே வடிவம் போலிஷில் ‘தொப்ரொன்’ என்று மூக்கொலியோடு முடியும். செக்கின் ‘ஔ’ நெட்டுகரத்திலிருந்தும், அந்த நெட்டுகரம் பழைய மூக்கொலி ஒகரத்திலிருந்தும் வந்தவை. ஆக, இரண்டே சொல் கொண்ட அந்த வாழ்த்தில் ஒரே ஒலிமாற்றம் இரண்டு முறை பதிந்திருக்கிறது: பெயரடையின் ஈற்றில் ஒன்று, பெயர்ச்சொல்லின் நடுவில் ஒன்று. அந்தத் தாள் குழம்புக் கறையோடு இன்றும் கோப்பில் இருக்கிறது. ஒரு விதியைப் புத்தகத்தில் படித்து ஒப்புக்கொள்வதற்கும் தன் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்வதற்கும் உள்ள தூரத்தை நான் அன்று அவர் முகத்தில் பார்த்தேன்.

அப்படியானால் போலிஷ் ‘ஹுச்’ எப்படி வந்தது? போலிஷில் மூக்கொலி ஒகரம் தானாக உகரமாவதில்லை. இடைக்காலத்தில் செக் மொழி போலிஷ் எழுத்துமொழியின் மீது பெரும் செல்வாக்குச் செலுத்தியது. ‘இழிவு’ என்று பொருள்படும் ‘ஹன்ய்பா’, ‘குடிமகன்’ என்று பொருள்படும் ‘ஒபிவாதெல்’ முதலியவை அந்த வழியில் வந்து வேரூன்றின. ‘ஹுச்’ என்பதும் செக்கிலிருந்து வந்த கடன்சொல்லாக இருப்பதே மிகக் குறைந்த அனுமானத்தோடு பொருந்தும் விளக்கம் என்று குழு முடிவெடுத்தது. பதிவில் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லோடுதான் இதை எழுதினோம்.

ஒன்றை இரண்டாகப் பிரித்த முடிவு

மீதி இருந்தவை ரஷ்ய, உக்ரேனியச் சொற்கள். இவற்றில் மூக்கொலியின் தடமே இல்லை. பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் ‘விழைவு’ என்ற பொருளிலும் ‘காதலுக்குரியவள்’ என்ற பொருளிலும் வரும் ‘ஹொத்தி’ சாதாரண ஒகரத்தோடுதான் எழுதப்படுகிறது. அந்த எழுத்துமுறையில் மூக்கொலி ஒகரத்துக்குத் தனி எழுத்து இருந்ததால் இதில் ஐயத்துக்கு இடமில்லை. உக்ரேனியனில் எழுவாய் வடிவம் ‘ஹித்ய்’, ஆறாம் வேற்றுமை வடிவம் ‘ஹொத்யி’. ஈற்றுக் குற்றியலிகரம் மறைந்து அசை மூடிக்கொண்ட இடத்தில் ஒகரம் இகரமாவது அந்த மொழியின் பொதுவிதி. அசை திறந்திருக்கும் ‘ஹொத்யி’யில் பழைய ஒகரம் அப்படியே நிற்கிறது. செக்கிலும் ‘ஹுத்ய்’ ஒருபுறம் இருக்க, வாழ்க்கைத்துணை என்று பொருள்படும் ‘ஹொத்ய்’ மறுபுறம் இருக்கிறது. ஒரே மொழிக்குள் இரண்டு வடிவங்களும் தனித்தனியே வாழ்வதால், இவற்றை ஒரே தலைச்சொல்லின் கீழ் வைப்பது முறையாகாது.

எனவே இரண்டு தலைச்சொற்கள் என்று முடிவாயிற்று: *ஹொத்தி, *ஹொன்தி. இரண்டுக்கும் உறவு உண்டென்று அனைவரும் கருதினோம். ஆனாலும் உறவு என்பது வேறு, ஒரே சொல் என்பது வேறு. இந்த இடத்தில் மாணவர்களுக்கும் மூத்த ஆய்வாளருக்கும் நீண்ட விவாதம் நடந்தது. ‘பொருள் ஒன்று, மெய்யெழுத்துகள் ஒன்று, உயிர் மட்டும் மாறுகிறது, ஒரே சொல்லின் வேறுபாடாக ஏன் கொள்ளக்கூடாது’ என்பது அவர்கள் கேள்வி. மூல ஸ்லாவியத்தில் ‘ஒகரம் + ன் + மெய்’ என்று இருந்த இடமெல்லாம் விதிவிலக்கின்றி மூக்கொலி உயிராகிவிட்டது. ஆகவே ‘ஹொன்-’ என்பதிலிருந்து ‘ஹொ-’ தானாக வர வழியில்லை, மறுதலையாகவும் வர வழியில்லை என்பது விடை.

இலக்கணம்

வடிவம் முடிவான பிறகு இலக்கணம் பெரிதும் தானாக விளங்கியது. ஈற்றில் குற்றியலிகரம் உள்ள பெயர்கள் மூல ஸ்லாவியத்தில் ஒரு தனி வேற்றுமைத் திரிபைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பான்மை பெண்பால். எனினும் ‘வழி’ என்று பொருள்படும் *பொன்தி ஆண்பால், அதன் ரஷ்ய வடிவமான ‘புத்ய்’ இன்றும் ஆண்பாலே. ஈற்றை மட்டும் பார்த்துப் பாலைச் சொல்ல முடியாது என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிச் சான்று தேவைப்படுகிறது.

*ஹொன்தி பெண்பால் என்பதற்கு உணவகத் தாளின் ‘தொப்ரௌ’ ஒரு சான்று. போலிஷ் ‘ஹெஞ்ச்’ பெண்பாலாகவே வழங்குவது மற்றொன்று. மூன்றாம் வேற்றுமை இன்னும் உறுதியானது. இத்திரிபில் பெண்பால் சொற்கள் மூன்றாம் வேற்றுமையில் ‘-இயொன்’ என்ற ஈற்றைப் பெறும், ஆண்பால் சொற்கள் ‘-இமி’ என்ற ஈற்றைப் பெறும். முன்னே சொன்ன ‘ஹெஞ்சொன்’, செக்கின் ‘ஹுத்யீ’ ஆகிய இரண்டும் ‘-இயொன்’ என்பதன் சுருக்கமாகவே விளங்குகின்றன.

இதன்படி *ஹொன்தியின் ஒருமையில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் ஒரே வடிவம். ஈற்று இகரம் குறுகியது. நான்காம், ஆறாம், ஏழாம் வேற்றுமைகளும் விளியும் முழு இகரத்தில் முடியும் ஒரே வடிவத்தைக் கொள்ளும். பன்மையில் எழுவாய்க்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் அதே முழு இகரமே வரும். இத்திரிபின் பன்மை எழுவாயில் ஆண்பால் சொற்கள் வேறு ஈறு கொள்வதால், இங்கும் பால் வேறுபாடு வெளிப்படும். இருமை வடிவமும் கணக்கில் வரும். ஆனால் ‘இரண்டு விழைவுகள்’ என்று யாராவது சொன்னார்களா என்று நம்மால் அறிய முடியாது. விதிப்படி எழுதலாம் என்பதால் எழுதினோம்.

*ஹொத்தியின் இலக்கணத்துக்கு வலுவான சான்று இகோர் காதையின் அதே தொடரில்தான் கிடைத்தது. அதில் ‘மிலிய ஹொத்தி’, அதாவது ‘அருமை மனைவியின்’, என்று வருகிறது. பெயரடையின் ‘-இய’ ஈறு பெண்பால் ஒருமை ஆறாம் வேற்றுமைக்கு உரியது; பெயர்ச்சொல்லின் முழு இகர ஈறு இத்திரிபின் ஆறாம் வேற்றுமைக்கு உரியது. பாலும் திரிபும் ஒரே தொடரில் நிறுவப்படுகின்றன. ஆனால் இந்தக் காதையின் கையெழுத்துப் படி 1812இல் மாஸ்கோ எரிந்தபோது அழிந்துவிட்டது. 1800இல் வந்த அச்சுப் பதிப்பும் அதற்குச் சற்று முன்னர் எடுத்த நகல் ஒன்றும்தான் எஞ்சியிருக்கின்றன. எனவே இதை முதன்மைச் சான்றாக வைக்காமல், பழைய திருச்சபை ஸ்லாவியச் சான்றுக்குப் பின்னால் துணைச் சான்றாக வைத்தோம்.

விழைவு என்ற பண்பைக் குறித்த சொல் எப்படி மனைவியைக் குறிக்க வந்தது என்று ஒரு மாணவர் கேட்டார். விழைவின் பெயரே விழையப்படுபவருக்கு ஆகிவந்தது, நம் ஆகுபெயர்தான். செக்கில் அந்தச் சொல் மேலும் ஓரடி நகர்ந்து, கணவனைக் குறிக்கும்போது ஆண்பாலாகவும் மனைவியைக் குறிக்கும்போது பெண்பாலாகவும் நடக்கிறது. இந்த ஆண்பால் வழக்கு பிற்காலத்தது என்பதால் மீட்பு வடிவத்தில் சேர்க்கவில்லை.

வினைச்சொல்லைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ‘விரும்பு’ என்ற வினைக்கு *ஹொத்தேத்தி, *ஹுத்தேத்தி என இரண்டு வடிவங்கள் மீட்கப்படுகின்றன. பின்னதில் இருப்பது குற்றியலுகரம். ரஷ்யனும் ஸ்லோவேனியனும் முன்னதை வைத்துக்கொண்டன. போலிஷ், செக், செர்பியன் ஆகியவை பின்னதை எடுத்து, குற்றியலுகரம் மறைந்தபின் ‘ஹ்ச்யெச்’, ‘ஹ்த்யீத்’, ‘ஹ்தெதி’ என்று மெய்ம்மயக்கத்தோடு நிற்கின்றன. நிகழ்காலத்தில் இவ்வினை இரண்டு வகைத் திரிபுகளைக் கலந்து கொள்கிறது: பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் படர்க்கைப் பன்மை மட்டும் ஒரு வகை, மற்றவை வேறு வகை. ரஷ்ய மாணவர்கள் இன்றும் தனியாக மனப்பாடம் செய்யும் ‘ஒருமையில் ச், பன்மையில் த்’ என்ற ஒழுங்கின்மை அந்தக் கலப்பு விரிந்ததன் விளைவு. செர்பியனிலும் பல்கேரியனிலும் இதே வினை தேய்ந்து எதிர்காலம் காட்டும் துணைச்சொல்லாகிவிட்டது.

தோற்றம் பற்றிய முடிவு

முதல் வரைவில் தோற்றம் பற்றி ஒரு வரி உறுதியாக எழுதப்பட்டிருந்தது: வெல்ஷ் மொழியின் ‘ஹ்வந்த்’ (ஆசை), ஆர்மேனியனின் ‘ஹந்த்’ (பெருவிருப்பம்) ஆகியவை இதன் இனச்சொற்கள், அதாவது ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை, என்று. இந்த ஒப்பீடு பழையது; ஃபாஸ்மரின் அகராதியிலும் குறிக்கப்பட்டிருக்கிறது. மூன்றிலும் மூக்கொலி இருக்கிறது, பொருளும் ஒன்று. மாணவர்கள் அதில் மயங்கியதில் வியப்பில்லை.

அதைச் சோதித்த விதத்தைச் சற்று விரிவாகத் தருகிறேன். வெல்ஷ் மொழியில் சொல்முதல் ‘ஹ்வ’ என்பது இந்தோ-ஐரோப்பிய ‘ஸ்வ’ என்பதிலிருந்து வருவது. மாமியாரைக் குறிக்கும் வெல்ஷ் ‘ஹ்வெகர்’ என்பதற்குச் சமமான ஸ்லாவியச் சொல் *ஸ்வெக்ரி. சமஸ்கிருதத்தின் ‘ஸ்வஸ்ரூ’ இதே குடும்பம். அங்கே ஸ்லாவியம் ‘ஸ்வ’ என்றுதான் காட்டுகிறது, ‘ஹ’ என்று காட்டவில்லை. ஆகவே ‘ஹ்வந்த்’ என்பதற்கு நேரான ஸ்லாவியச் சொல் இருந்தால் அது *ஸ்வொன்தி என்று தொடங்க வேண்டும். ஆர்மேனியனோ இன்னும் வேறு. அதில் பழைய ‘ஸ்வ’ மூச்சுடைய ககரமாகிறது. சகோதரிக்கு வெல்ஷில் ‘ஹ்வைர்’, ஆர்மேனியனில் ‘கொய்ர்’. எனவே ஆர்மேனிய ‘ஹந்த்’ வெல்ஷ் ‘ஹ்வந்த்’ என்பதோடுகூடப் பொருந்தவில்லை. மூன்றும் காதுக்கு ஒத்து ஒலிப்பது அந்தந்த மொழியில் வெவ்வேறு வழியில் உண்டான ‘ஹ’வினால்.

ஸ்லாவியத்தில் சொல்முதல் ‘ஹ’ எப்போதுமே தொல்லை தருவது. 1895இல் டேனிய மொழியியலாளர் பெடர்சன் விவரித்த விதிப்படி பழைய ஸகரம் இ, உ, ர், க் ஆகியவற்றுக்குப் பின்னால்தான் ‘ஹ’ ஆகும். சொல்லின் முதலில் ஆகாது. இகரத்திலோ உகரத்திலோ முடியும் முன்னொட்டுகளுக்குப் பின்னால் உண்டாகித் தனிச்சொல்லுக்கும் பரவியது என்று ‘நட’ என்று பொருள்படும் *ஹொதித்தி போன்ற சொற்களுக்கு விளக்கம் தரப்படுகிறது. நம் சொல்லுக்கும் அதைச் சொல்லிப் பார்க்கலாம்; ஆனால் அதற்குத் தனிச் சான்று எங்களிடம் இல்லை.

மற்றொரு வழி ஸ்லாவியத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘பற்று, கவர்’ என்ற பொருளில் *ஹ்வாத்-, *ஹீத்- என்ற வேர்வடிவங்கள் உண்டு. பின்னதன் உயிர் பழைய நெட்டூகாரம். குற்றியலுகரம் உள்ள *ஹுத்- என்பதை அவற்றின் குறுகிய நிலையாகக் கொள்வதற்கு இணை இருக்கிறது: ‘மூச்சு’ என்ற வேரில் குற்றியலுகரம், நெட்டூகாரத்திலிருந்து வந்த உயிர், முழு உகரம் மூன்றும் மாறி மாறி வருகின்றன. பற்றுதலிலிருந்து விருப்பத்துக்குப் போவது, ‘பற்று’ என்ற சொல்லையே இரு பொருளிலும் வழங்கும் நமக்குத் தடையாகத் தோன்றாது. ஆனால் இதுவும் மூக்கொலியை விளக்கவில்லை. ‘உட்கார்’, ‘படு’ என்ற வினைகளில் வேருக்குள் நுழையும் மூக்கொலி ஸ்லாவியத்தில் உண்டு என்பதால் *ஹொன்-க்கும் அதே வழி என்று சொல்லலாம். சொல்லலாம் என்பதற்கு மேல் போக முடியவில்லை.

குழுவின் முடிவு: வெல்ஷ், ஆர்மேனிய ஒப்பீட்டை மறுப்புக் காரணத்தோடு பதிவில் வைப்பது, ‘பற்று’ வேரோடான உறவை ‘சாத்தியம்’ என்று குறிப்பது, தோற்றம் தெளிவாகவில்லை என்று வெளிப்படையாக எழுதுவது. மாணவர்களுக்கு இது மனக்குறையாக இருந்தது. வடிவமும் இலக்கணமும் இவ்வளவு உறுதியாக நிற்கும் ஒரு சொல்லுக்குத் தோற்றம் தெரியவில்லை என்று எழுதுவது தோல்விபோல அவர்களுக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்ததன் எல்லையைக் கோடு போட்டுக் காட்டுவது அகராதி வேலையின் பாதி.

பின்னர் நடந்தது

திருத்திய பதிவை வெளியிலிருந்து ஒரு செக் வாசகர் பார்த்தார். அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. *ஹொன்திக்கு நாங்கள் காட்டிய சான்றுகள் போலிஷ், செக், ஸ்லோவாக் என மேற்கு ஸ்லாவியத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. அப்படியிருக்க அதை மூல ஸ்லாவியச் சொல் என்று எப்படி அழைப்பது? ‘மூல ஸ்லாவியத்தின் மேற்கு வட்டார வழக்கு’ என்று குறிப்பை மாற்றினோம். *ஹொத்திக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை.

பொருளையும் அவரே திருத்தினார். முதல் வரைவின் ‘காமம்’ எப்போதோ நீக்கப்பட்டிருந்தாலும் ‘வேட்கை’ என்பதற்கு இணையான சொல் எஞ்சியிருந்தது. செக்கில் சுவை, பசி; போலிஷில் மனமுவந்த இசைவு; காமம் என்ற பொருள் கடனாக வந்திருக்கக்கூடிய ‘ஹுச்’சில் மட்டும். இவ்வளவையும் தாங்கக்கூடியது ‘விழைவு’ போன்ற மென்மையான பொதுப்பொருளே என்றார். செக்கில் ‘மாம் ஹுத்ய் நா’, போலிஷில் ‘மாம் ஹெஞ்ச் நா’ என்று ‘ஒன்றின் மேல் விழைவு கொண்டிருக்கிறேன்’ எனச் சொல்வது ஒரே அமைப்பில் இருப்பதை நாங்கள் தொடரியல் சான்றாகச் சேர்த்திருந்தோம். அண்டை மொழிகள் ஒன்றிலிருந்து மற்றொன்று தொடரமைப்பைப் பெற்றுக்கொள்வது எளிது என்று அவர் சுட்டியதால் அதை மீட்பிலிருந்து நீக்கி, குறிப்பாக மட்டும் வைத்தோம்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

அட்டையின் வடிவத்தை அந்தப் பருவத்திலேயே மாற்றிவிட்டோம். முன்பு தலைச்சொல்லுக்கு அடுத்து பொருள் எழுதும் இடம் இருந்தது. இப்போது அங்கே சொல்வகையும் பாலும் திரிபும் எழுதப்படுகின்றன, பொருள் அட்டையின் அடியில் வருகிறது. இந்த ஒழுங்கு முன்பே இருந்திருந்தால் பெயர்ச்சொல்லும் இடைச்சொல்லும் ஒரே அட்டையில் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. பொருள் முதலில் கண்ணில் பட்டதால்தான் ‘ஹுச்’ உள்ளே வந்தது, ‘ஹெஞ்ச்’ வெளியே போனது.

ஒதுக்கும் அட்டைகளையும் இனிமேல் தனிக் கட்டாக, ஒதுக்கிய காரணத்தை எழுதி, வைக்க வேண்டும் என்று நான் குறிப்பில் பதிந்திருக்கிறேன். போலிஷ் மூக்கொலியுள்ள சொற்களை மற்ற மொழிச் சான்றுகளுக்கு முன்பே பார்ப்பது என்ற ஒழுங்கு மூத்த ஆய்வாளரின் பரிந்துரை. மாணவர்கள் அதை அடுத்த சொல்லிலேயே கடைப்பிடித்தார்கள். தோற்றப் பகுதியை வடிவமும் இலக்கணமும் முடிந்தபின் வேறொருவர் எழுதுவது என்ற யோசனை இன்னும் ஏற்கப்படவில்லை. நால்வர் மட்டுமே உள்ள குழுவில் அதற்கு ஆள் போதாது.

‘ஹுச்’ அட்டை மட்டும் இன்னும் எந்தக் கட்டிலும் சேரவில்லை. பழைய போலிஷ் ஏடுகளில் அது முதலில் எங்கே, எந்தப் பொருளில் வருகிறது, செக் மூலத்திலிருந்து மொழிபெயர்த்த பகுதியிலா வேறிடத்திலா என்று பார்த்து முடிக்கும்வரை, மேல் ஓரத்தில் ‘செக்கிலிருந்தா?’ என்று பென்சிலால் எழுதிய நிலையில் அது மேசை இழுப்பறையில் இருக்கிறது.